கியர் விழவில்லையா? மலையில் ஓடும் பழைய பிக்கப்புக்கு அறிகுறி பார்த்துப் பழுது கண்டுபிடிக்கும் வழி

கியர் விழாமல் அடம்பிடிக்கும் வண்டியில் முதலில் செய்ய வேண்டியது எஞ்சினை அணைப்பது. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். கிளச்சை முழுசாக மிதித்து ஒன்று முதல் ஐந்து வரையும் ரிவர்ஸும் போட்டுப் பாருங்கள். ஏதாவது ஒன்று முட்டி நின்றால் வண்டியைக் கையால் ஓர் அங்குலம் அசைத்துவிட்டு மறுபடி போடுங்கள். பல்லும் பல்லும் நேருக்கு நேர் நின்றாலும் அப்படி முட்டும், அது பழுது இல்லை.

எஞ்சின் அணைந்திருக்கும்போது எல்லாம் வழுக்கிக்கொண்டு விழுந்து, எஞ்சின் ஓடும்போது மட்டும் மல்லுக்கட்டினால் குறை கிளச்சில் இருக்கிறது. எஞ்சின் அணைந்தும் இறுக்கமாக இருந்தால் லீவர், லிங்க், கியர் ஆயில், கடைசியாகத்தான் கியர் பெட்டியின் உள்பக்கம். ஒரு நிமிடம்கூட ஆகாத இந்தச் சோதனையைச் செய்யாமல் 'பாக்ஸ் போச்சு' என்று பெட்டியை இறக்கிவிடுகிறார்கள். கேரட்டும் பச்சைத் தேயிலையும் ஏற்றி ஓடும் வண்டி பட்டறையில் நான்கு நாள் நிற்பது வண்டிக்காரருக்கு எவ்வளவு பெரிய இழப்பு என்பது நமக்குத் தெரியும். அதனால் வெளியிலிருந்து உள்ளே என்ற வரிசையில்தான் போக வேண்டும்.

இங்கே சொல்வது கையால் கியர் போடும் பழைய டீசல் பிக்கப்புகளுக்கு: பொலேரோ பிக்கப், டாடா 207, மகிந்திரா ஜீப் வகை. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் சரக்கு ஏற்றும் பழைய வண்டிகள் பெரும்பாலும் இவைதான். அளவுகள் மாடலுக்கு மாடல் மாறும் இடங்களில் வண்டியின் கையேட்டைப் பாருங்கள்.

வண்டிக்கு அடியில் படுக்கும் முன் ஒரு விஷயம். சரிவில் ஜாக்கி போடாதீர்கள். இங்கே சமதரை கிடைப்பது கஷ்டம்தான், ஆனாலும் மண்டி வாசலோ தொழிற்சாலை முற்றமோ தேடிப் போங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது. ஹாலோ பிளாக் கல்லை முட்டுக் கொடுக்கவே கூடாது. அது விரிசல்கூட விடாமல் ஒரே நொடியில் நொறுங்கும். இரும்பு ஸ்டாண்டு வையுங்கள்.

'எல்லாக் கியரும் கஷ்டமா விழுது, ரிவர்ஸ் போட்டா கரகரங்குது'

கிளச் முழுசாக விடவில்லை என்பதற்கு இதுதான் அடையாளம். பெடலை மிதித்த பிறகும் கிளச் பிளேட் ஃபிளைவீலோடு (எஞ்சினோடு சுற்றும் கனமான சக்கரம்) உரசிக்கொண்டே சுற்றுகிறது, அதனால் பெட்டிக்குள் போகும் ஷாஃப்ட் நிற்பதில்லை. உறுதி செய்ய, எஞ்சின் சூடாகி ஐடிலில் ஓடும்போது நியூட்ரலில் வைத்துக் கிளச்சை முழுசாக மிதியுங்கள். மனதுக்குள் ஐந்து எண்ணிவிட்டு மெதுவாக ரிவர்ஸ் போடுங்கள். பழைய பெட்டிகள் பலவற்றில் ரிவர்ஸுக்குச் சிங்க்ரோ (கியர் விழும் முன் வேகத்தைச் சமப்படுத்தும் ரிங்) கிடையாது, அதனால் ஷாஃப்ட் கொஞ்சம் சுற்றினாலும் காட்டிக்கொடுத்துவிடும். ஐந்து எண்ணிய பிறகும் கரகரத்தால் கிளச் விடவில்லை.

அடுத்து பெடலை வேகமாக மூன்று முறை மிதித்துவிட்டு, நான்காவது மிதியில் கியர் போடுங்கள். இப்போது நன்றாக விழுந்தால் ஹைட்ராலிக் லைனில் (பெடல் அழுத்தத்தை ஆயில் வழியாகக் கிளச்சுக்குக் கொண்டுபோகும் குழாய்) காற்று இருக்கிறது, அல்லது ஆயில் கசிகிறது. பெட்டிக்கு இதில் சம்பந்தமே இல்லை.

கசிவு தேடும் இடம் மூன்று. ஓட்டுநர் காலடியில் பெடல் கம்பி சுவருக்குள் நுழையும் இடத்தை விரலால் தடவுங்கள். ஈரமாக இருந்தாலோ, காலடி மிதியடியின் மேல்பக்கம் பிசுபிசுத்தாலோ, பெடல் பக்கம் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் வாஷர் போயிருக்கிறது. பிறகு கீழே, பெட்டியின் பக்கவாட்டில் இருந்து அந்த அழுத்தத்தால் கிளச்சை நகர்த்தும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் தொப்பியை ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு ஓரம் மட்டும் தூக்குங்கள். உள்ளே தூசி உலர்ந்து கிடந்தால் நல்லது. கறுப்பு நீர் சொட்டினால் ஸ்லேவ் வாஷர் போய்விட்டது. மூன்றாவது, இரும்புக் குழாயிலிருந்து ஸ்லேவுக்கு வரும் ரப்பர் ஹோஸ். ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் ஹோஸைக் கையில் பிடித்துப் பாருங்கள். மிதிக்கும்போது ஹோஸ் உப்பினால் அழுத்தம் ஸ்லேவுக்குப் போகாமல் ரப்பரிலேயே போய்விடுகிறது.

எங்கும் கசிவு இல்லை, ஆனால் பெடலை மிதித்துப் பிடித்துக்கொண்டே இருந்தால் கால் மெதுவாகக் கீழே இறங்குகிறது, முதல் கியரில் நிற்கும் வண்டி தானாக ஊர்கிறது என்றால் மாஸ்டர் சிலிண்டரின் உள் வாஷர் வழியாக ஆயில் பின்னால் போகிறது. வெளியே ஒரு சொட்டும் தெரியாது. இதற்குக் கிட் (வாஷர் தொகுப்பு) மாற்றலாம். ஆனால் சிலிண்டர் உள்சுவரில் துரு, கீறல் இருந்தால் புதுக் கிட்டும் சில வாரத்தில் போகும், சிலிண்டரையே மாற்றிவிடுங்கள். ஒன்று போனால் அடுத்ததும் அதே வயதுதான் என்பதால் மாஸ்டரையும் ஸ்லேவையும் சேர்த்துப் பார்ப்பதே எங்கள் பரிந்துரை.

சில வண்டிகளில் பிரேக்கும் கிளச்சும் ஒரே டப்பாவிலிருந்து ஆயில் எடுக்கும். கிளச்சுக்குப் போகும் குழாய் டப்பாவில் மேலாக இருப்பதால் ஆயில் குறையும்போது முதலில் கிளச் கெடும். அப்படிப்பட்ட வண்டியில் கிளச் திடீரென்று மென்மையானால் பிரேக் லைனிலும் கசிவு தேடுங்கள். மலையில் இதை நாளைக்கு என்று தள்ளிப்போட முடியாது.

காற்று எடுப்பது இப்படி. டப்பாவை டாட் 4 (கையேடு டாட் 3 சொன்னால் அது) பிரேக் ஆயிலால் நிரப்புங்கள். ஸ்லேவின் நிப்பிளில் (காற்றை வெளியே விடும் சிறு திருகு) உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய் மாட்டி, மறுநுனியைக் கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் மூழ்க வையுங்கள். உள்ளே இருப்பவர் பெடலை மெதுவாக மிதித்துப் பிடிக்கட்டும். கீழே இருப்பவர் நிப்பிளை அரைச் சுற்று திறந்து, ஆயிலும் குமிழும் வந்ததும் மூடிய பிறகுதான் பெடலை விட வேண்டும். மூடும் முன் பெடலை விட்டால் எடுத்த காற்று திரும்ப உள்ளே போய்விடும், பலர் தவறுவது இங்கேதான். குமிழ் நிற்கும் வரை பத்துப் பதினைந்து முறை செய்யுங்கள், ஐந்து முறைக்கு ஒருதரம் டப்பாவைப் பாருங்கள். நிப்பிள் ஸ்லேவின் மேல்பக்கம் இருக்கும்படி சிலிண்டர் மாட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்; தலைகீழாக மாட்டினால் நாள் முழுதும் மிதித்தாலும் காற்று வராது.

பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். மழையும் மூடுபனியும் மாதக்கணக்கில் இருக்கும் இடத்தில், திறந்து வைத்த பழைய பாட்டிலை ஊற்றாதீர்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுசாக மாற்றுங்கள். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறிய பிறகான தர அளவு 155 டிகிரிதான். அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலோ பவர் ஸ்டீயரிங் ஆயிலோ ஊற்றினால் அத்தனை ரப்பர் வாஷரும் ஊதிப்போகும். வண்டியின் பெயிண்டில் பிரேக் ஆயில் சிந்தினால் துடைக்காமல் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

ஹைட்ராலிக் சரியாக இருந்தும் கிளச் விடவில்லையா? ஸ்லேவ் கம்பியின் மேல் பெயிண்டால் ஒரு கோடு போட்டு, பெடலை மிதிக்கச் சொல்லி எவ்வளவு நகர்கிறது என்று ஸ்கேலால் அளங்கள். 10 மில்லிமீட்டருக்கும் குறைவாக நகர்ந்தால் மேலே எங்கோ அசைவு தொலைகிறது. பெடலையும் மாஸ்டர் கம்பியையும் சேர்க்கும் பின் கழன்று ஆடுகிறதா, அதன் துளை முட்டை வடிவமாகத் தேய்ந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சின்ன இடம்தான், ஆனால் அங்கே இரண்டு மில்லிமீட்டர் தேய்ந்தால் பெடலில் அதைப்போலப் பல மடங்கு வீணாகும். பெடல் நுனியில் 5 முதல் 15 மில்லிமீட்டர் வரை லூஸ் இருப்பது இயல்பு; அதற்கு மேல் இருந்தால் கம்பியின் லாக் நட்டைத் தளர்த்திச் சரிசெய்யுங்கள். கம்பி முழுசாக நகர்ந்தும் கிளச் விடவில்லை என்றால்தான் கிளச் ஃபோர்க், பிரஷர் பிளேட், வளைந்த கிளச் பிளேட் என்று பெட்டியை இறக்கும் பேச்சு வரும்.

தேவாலா, கூடலூர் பக்கம் ஜூன், ஜூலை மழையில் இரண்டு வாரம் ஓடாமல் நின்ற வண்டி திடீரென்று ஒரு கியரும் விழாமல் நின்றால் வேறு காரணம் இருக்கலாம்: கிளச் பிளேட் துருவால் ஃபிளைவீலோடு ஒட்டிக்கொண்டிருக்கும். எஞ்சினை நன்றாகச் சூடாக்கி அணைத்துவிட்டு, முன்னே ஆளில்லாத நீண்ட சமதரையில் இரண்டாவது கியரில் கிளச்சை மிதித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். வண்டி குதித்து ஓடும். மிதித்த கிளச்சை விடாமல் ஆக்ஸிலரேட்டரை அழுத்தி அழுத்தி விட்டால் பெரும்பாலும் பிரிந்துவிடும். சரிவிலும் தெருவிலும் இதைச் செய்யாதீர்கள்.

'காலையில மட்டும் இறுக்கம், ரெண்டு மூணு கிலோமீட்டர் போனா சரியாயிடுது'

டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா பக்கம் புல்மேல் உறைபனி படிந்திருக்கும் காலையில் இரண்டாவது கியர் கல் மாதிரி இருந்தால் பயப்பட வேண்டாம். கியர் ஆயில் கெட்டியாகியிருக்கிறது. ஆனால் இறுக்கம் அளவுக்கு மீறினால் தப்பான ஆயில் ஊற்றியிருக்க வாய்ப்பு அதிகம்.

கீழ்நாட்டில் பழைய பெட்டியின் இரைச்சலை அமுக்க 140 எண் கொண்ட கெட்டி ஆயில் ஊற்றும் பழக்கம் உண்டு. மேட்டுப்பாளையம் வெயிலில் அது ஓடும். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில், விடியற்காலை ஐந்து மணிக்கு அது தேன் மாதிரி நிற்கும். சிங்க்ரோ ரிங் கியரின் கோனைப் பிடித்து வேகத்தைச் சமப்படுத்த வேண்டுமென்றால் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஆயில் விலக வேண்டும். கெட்டி ஆயில் விலகுவதில்லை. கட்டாயப்படுத்திப் போட்டுப் போட்டு ரிங் தேய்கிறது. இரைச்சலை மறைக்க ஊற்றியது கடைசியில் சிங்க்ரோவைத் தின்றுவிடும்.

கடையில் '90 ஆயில்' என்று மட்டும் கேட்காதீர்கள். டப்பாவில் 80டபிள்யூ-90 அல்லது கையேட்டில் உள்ள எண்ணும், அதோடு ஜிஎல் 4 என்ற தர எழுத்தும் இருக்க வேண்டும். பின்னாலுள்ள டிஃப்ரன்ஷியலுக்குத் தேவை ஜிஎல் 5. இரண்டுக்கும் ஒரே டப்பாவை ஊற்றுவது வழக்கமாகிவிட்டது. பித்தளை ரிங் உள்ள பெட்டிக்கு, கையேடே சொன்னால் தவிர, ஜிஎல் 5 வேண்டாம்: அதில் உள்ள அதிக அழுத்த மருந்து பித்தளையை அரிக்கக்கூடும், வழுக்கல் கூடுவதால் ரிங்கும் பிடிக்காது.

ஆயில் மாற்றும்போது முதலில் பக்கவாட்டில் மேலே இருக்கும் ஊற்றும் பிளக்கைத் திறந்துவிடுங்கள், பிறகுதான் கீழே வடிக்கும் பிளக். பழைய வண்டியில் மேல் பிளக் துருப்பிடித்து வராமல் போகலாம். வடித்த பிறகு அது தெரிந்தால் ஆயில் இல்லாத பெட்டியோடு வண்டி அங்கேயே நிற்கும். பத்து கிலோமீட்டர் ஓட்டிச் சூடாக்கியபின் வடியுங்கள். கையேட்டில் சொன்ன அளவைவிட அரை லிட்டர் கூடுதலாக வாங்கி வைத்து, மேல் துளையிலிருந்து ஆயில் வழியும் வரை ஊற்றுங்கள். வழிந்து நிற்பதுதான் சரியான மட்டம், ஆனால் வண்டி சமமாக நின்றால் மட்டும். மூக்கு தூக்கிய சரிவில் நிறுத்தி மட்டம் பார்த்தால் கணக்குத் தவறிவிடும்.

வடித்த பிளக்கின் நுனியில் காந்தம் இருந்தால் அதைக் கையில் எடுத்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மை போன்ற கூழ் ஒட்டியிருப்பது இயல்பான தேய்மானம். ஊசி ஊசியாக, செதிலாக இரும்புத் துண்டு இருந்தால் பேரிங்கோ பல்லோ உடைகிறது. ஆயிலை வெயிலில் ஒரு தட்டில் ஊற்றிச் சாய்த்துப் பாருங்கள்: காந்தத்தில் ஒட்டாத மஞ்சள் மினுமினுப்பு ஓடினால் அது சிங்க்ரோவின் பித்தளை. பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. பெட்டியின் மேலுள்ள பிரீதர் (காற்று போகும்) மூடி சேறு அடைத்துக் கிடக்கிறதா, கியர் லீவர் ரப்பர் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். பிரீதர் அடைத்தால் சூட்டில் ஏறும் அழுத்தம் ஆயில் சீலைத் தள்ளிக்கொண்டு கசியும். புதுச் சீல் போட்டும் கசிகிறது என்று வரும் வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டியது இந்தச் சின்ன மூடியைத்தான்.

சரியான ஆயில் இருந்தும் குளிர்க் காலையில், ஸ்டார்ட் செய்ததும் நியூட்ரலில் கிளச்சை விட்டு இரண்டு மூன்று நிமிடம் ஐடிலில் ஓடவிடுங்கள். கிளச் விட்டிருந்தால்தான் உள் ஷாஃப்டுகள் சுற்றி ஆயிலைக் கலக்கும்.

'ஏறி வந்த பிறகுதான் விழ மாட்டேங்குது'

கல்லாறு, பர்லியாறு தாண்டி 14 கொண்டை ஊசி வளைவும் ஏறிக் குன்னூர் வந்ததும் கியர் அடம்பிடித்து, அரை மணி நேரம் ஆறியதும் சரியானால் சூட்டில் ஏதோ மாறுகிறது. ஆயில் கெட்டியாவதற்கு நேர் எதிரான கதை இது. கிளச் ஹைட்ராலிக் குழாய் சைலன்சர் பைப்பை ஒட்டிப் போகிறதா, சைலன்சர் மாற்றியபோது தகரத் தடுப்பைக் கழற்றிப் போட்டுவிட்டார்களா என்று பாருங்கள். பழைய ஈர ஆயில் அந்தச் சூட்டில் ஆவிக் குமிழ் விடும். ஆயில் புதிது, தடுப்பும் இருக்கிறது என்றால் கிளச் பிளேட் சூட்டில் வளைகிறது. மே மாத சீசன் நெரிசலில் பாதிக் கிளச்சில் ஊர்ந்த வண்டிகளுக்கு இது வரும்.

'ஒரே ஒரு கியர்ல மட்டும் நெரியுது'

மற்ற எல்லாம் நன்றாக விழுந்து இரண்டாவது மட்டும், அதுவும் மூன்றிலிருந்து இறக்கும்போது, கரகரத்தால் அந்தக் கியரின் சிங்க்ரோ ரிங் தேய்ந்திருக்கிறது. மலை வண்டிக்கு இரண்டாவதுதான் முதலில் போகும். ஒவ்வொரு வளைவுக்கும் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்குவதே அதன் வேலை.

இரட்டைக் கிளச் போட்டுப் பாருங்கள்: கிளச் மிதித்து நியூட்ரலுக்கு எடுத்து, கிளச்சை விட்டு ஆக்ஸிலரேட்டரை ஒரு தட்டு தட்டி, மறுபடி மிதித்து இரண்டாவது. இப்படிச் சத்தமில்லாமல் விழுந்தால் நோய் சிங்க்ரோதான். இந்த முறையிலேயே பழகிக்கொண்டால் பெட்டியை உடனே இறக்காமல் அறுவடை முடியும் வரை ஓட்டலாம். நெரித்துக்கொண்டே ஓட்டினால் ரிங்கோடு போகிற செலவு ஸ்லீவ் (கியரைப் பூட்டும் வளையம்), கியர் பல் வரை ஏறும்.

'இறக்கத்துல கியர் தானா கழண்டு நியூட்ரலுக்கு வந்துடுது'

இந்தக் கட்டுரையில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதை மட்டும் படித்தாலும் போதும். கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவிலோ கோத்தகிரி இறக்கத்திலோ லோடோடு இரண்டாவது கியர் கழன்றால், அந்த நொடியிலிருந்து வண்டியைப் பிடித்து நிறுத்துவது பிரேக் மட்டும்தான். அந்த நேரத்தில் கியரைத் திணிக்கப் போராடாதீர்கள். பிரேக்கை உறுதியாக ஒரே அழுத்தமாக மிதித்து வேகத்தை முதலில் கொல்லுங்கள். வேகம் தணிந்ததும் ஆக்ஸிலரேட்டர் தட்டி இரட்டைக் கிளச்சில் போடுங்கள். போகவில்லை என்றால் மலைப்பக்கம் ஒதுக்கி நிறுத்திக் கட்டை போடுங்கள். லீவரைக் கையால் பிடித்துக்கொண்டோ கயிறு கட்டியோ ஓட்டுவது சரி அல்ல. உள்ளே கியரை நகர்த்தும் ஃபோர்க் தேய்ந்து பழுது பெரிதாகும், ஒற்றைக் கையில் ஸ்டீயரிங் பிடித்து வளைவு திரும்பவும் முடியாது. பழுது பார்க்கும் வரை லோடு ஏற்றி இறங்க வேண்டாம்.

காரணம் தேடும்போது வெளியே இருப்பதை முதலில். கியர் முழு ஆழத்துக்குப் போகவில்லை என்றால் லோடு மாறும்போது வெளியே தள்ளும். லீவரைச் சுற்றிப் புதிதாகப் போட்ட தடித்த ரப்பரோ மிதியடியோ லீவரைத் தடுக்கிறதா? கேபின் ரப்பர்கள் உட்கார்ந்த பழைய வண்டியில் தரைத் தகரத்தின் துளை விளிம்பு லீவரில் முட்டும். ரப்பரைக் கழற்றிப் பார்த்தால் லீவரின் ஒரு பக்கத்தில் பெயிண்ட் போய் வெள்ளையாக மின்னும் தழும்பு தெரியும். அந்தத் தழும்பு இருந்தால் உங்கள் பழுது கிடைத்துவிட்டது.

அடுத்து எஞ்சின், கியர்பெட்டி மவுண்ட் ரப்பர்கள். கடப்பாரையால் பெட்டியை லேசாக நெம்பிப் பாருங்கள், ரப்பர் இரும்பிலிருந்து பிரிந்திருந்தால் இடைவெளி திறக்கும். ஆக்ஸிலரேட்டரை விட்டதும் மொத்தப் பெட்டியும் துள்ளி, லீவரை இழுத்துவிடும். பெல் ஹவுசிங் (எஞ்சினையும் பெட்டியையும் சேர்க்கும் கூடு) போல்ட்டுகள் அத்தனையையும் ஸ்பேனர் வைத்துப் பாருங்கள்; இரண்டு தளர்ந்தாலே ஷாஃப்ட் கோணம் மாறும்.

வெளியே எல்லாம் சரி என்றால் லாக் பாலும் ஸ்பிரிங்கும். கியரை நகர்த்தும் செலக்டர் கம்பியைப் பள்ளத்தில் பிடித்து வைப்பது அந்தக் குண்டுதான். பல பெட்டிகளில் மேல்மூடியைக் கழற்றினாலே, சிலவற்றில் பக்கத்து போல்ட்டைத் திறந்தாலே ஸ்பிரிங் வெளியே வரும். உடைந்திருந்தாலோ, புதுசோடு பக்கத்தில் நிறுத்தினால் குட்டையாக இருந்தாலோ மாற்றுங்கள். கழற்றும்போது குண்டு தெறித்துப் பெட்டிக்குள் விழாமல் கிரீஸ் தடவிய துணியை விரித்துக்கொள்ளுங்கள்.

கழல்வது எப்போது என்பதும் துப்பு. ஏற்றத்தில் இழுக்கும்போதும் இறக்கத்தில் பிடிக்கும்போதும் இரண்டிலும் கழன்றால் ஸ்பிரிங், ஃபோர்க், லீவர். ஆக்ஸிலரேட்டர் விட்டால் மட்டும் என்றால் மவுண்ட், ஷாஃப்ட் பேரிங்கின் முன்பின் ஆட்டம், அல்லது ஸ்லீவ் பல்லின் அந்தப் பக்கம் உருண்டு தேய்ந்தது. கடைசி இரண்டுக்கும் பெட்டியை இறக்கித்தான் ஆக வேண்டும்.

'நிறுத்தின இடத்துல கியர் வெளிய வரமாட்டேங்குது'

சரிவில் கியரில் போட்டு நிறுத்திவிட்டு ஹேண்ட்பிரேக்கைத் தளர்வாக விட்டால் வண்டியின் மொத்தப் பாரமும் கியர் பல்லில் உட்காரும். கிளச்சை முழுசாக மிதிக்காமல் இழுத்தால் லீவர் அசையாது. இது பழுது இல்லை. கால் பிரேக்கை அழுத்தி, கிளச்சை முழுசாக மிதித்தால் பல்லில் இருக்கும் பாரம் இறங்கி லீவர் வந்துவிடும். நிறுத்தும்போது வரிசை மாறக் கூடாது: கால் பிரேக், நியூட்ரல், ஹேண்ட்பிரேக், பிறகு காலை எடுத்துப் பாரம் ஹேண்ட்பிரேக்கில் உட்கார்கிறதா என்று பார்த்து, கட்டை போட்டு, கடைசியாகக் கியர்.

ஃபோர் வீல் வண்டியில் தோட்டத்துச் சேற்றில் போட்ட ஃபோர் வீலைத் தார்ச்சாலையிலும் எடுக்காமல் வந்தால் முன்பின் அச்சுகளுக்கு நடுவே முறுக்கு ஏறி, ஃபோர் வீல் போடும் டிரான்ஸ்ஃபர் லீவர் பூட்டிக்கொள்ளும். நேராகச் சில மீட்டர் ரிவர்ஸ் போங்கள், முறுக்கு அவிழும்.

லீவர் எல்லாப் பக்கமும் தொளதொளவென்று ஆடி, ஒன்றுக்குப் போட்டால் மூன்று விழுகிறது என்றால் லீவர் அடியில் இருக்கும் நைலான் கப் தேய்ந்திருக்கும். மேலிருந்தே மாற்றலாம், விலையும் குறைவு.

'எஞ்சின் இரையுது, வண்டி ஏறல'

இதில் இரண்டு வேறு நோய்களைக் குழப்பிக்கொள்கிறார்கள். ஏற்றத்தில் எஞ்சின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளச் நழுவுகிறது. சத்தமும் வேகமும் சேர்ந்தே இறங்கினால் எஞ்சினுக்குத்தான் சக்தி இல்லை. டர்போ இல்லாத பழைய டீசல், உயரம் 1,000 மீட்டர் கூடுவதற்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். ஊட்டியில் ஐந்தில் ஒரு பங்கு குறைவது இயற்கை. கரும்புகையும் சேர்ந்தால் ஏர் ஃபில்டரைப் பாருங்கள், கிளச் பிளேட்டை வாங்கிவிடாதீர்கள்.

உறுதி செய்ய, சமதரையில் ஹேண்ட்பிரேக்கை இழுத்து, நான்காவது கியரில் கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் கொடுத்து கிளச்சை விடுங்கள். எஞ்சின் உடனே அணைந்தால் பிடிப்பு நன்றாக இருக்கிறது. அணையாமல் இரைந்தால் நழுவுகிறது. ஒருமுறைக்கு மேல் வேண்டாம், பிளேட் கருகும்.

நழுவினாலும் உடனே இறக்காதீர்கள். பெடலில் லூஸ் துளியும் இல்லை என்றால் ரிலீஸ் பேரிங் (பெடலை மிதிக்கும்போது கிளச்சைத் தள்ளும் பேரிங்) எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கிறது. ரப்பர் ஹோஸ் உள்ளே ஊதி அடைத்தாலும் ஆயில் திரும்பி வராமல் இதே நிலை வரும். அப்போது ஸ்லேவ் நிப்பிளைத் திறந்ததும் ஆயில் பீச்சும், நழுவல் நிற்கும். இரண்டும் இல்லை என்றால் பெல் ஹவுசிங்கின் அடித் துளையைப் பாருங்கள். கறுத்த ஆயில் சொட்டினால் எஞ்சின் பின் சீல். தடித்து, கந்தக நாற்றம் அடித்தால் கியர்பெட்டி முன் சீல். சீலை மாற்றாமல் பிளேட்டை மட்டும் மாற்றுவது பணத்தைக் கீழே கொட்டுவது.

சத்தம் மட்டும் என்றால்

நியூட்ரலில் கிளச் விட்டிருக்கும்போது இரைச்சல், மிதித்தால் நின்றுவிடுகிறது: பெட்டியின் இன்புட் பேரிங். மிதித்தால் மட்டும் கீச்சிடுகிறது: ரிலீஸ் பேரிங். கியரில் போட்டுக் கிளச் மிதித்து நிற்கும்போது மட்டும் ஊளை: ஃபிளைவீல் நடுவில் உள்ள பைலட் பேரிங். கியர் மாற்றும்போது அடியில் 'டொக்' என்று இடித்தால், பெட்டியிலிருந்து பின் அச்சுக்குப் போகும் புரொபெல்லர் ஷாஃப்டின் கிராஸ் மூட்டு. கட்டை போட்டு, நியூட்ரலில் ஷாஃப்டைக் கையால் இருபக்கமும் முறுக்கினால் ஆட்டம் தெரியும். கிளச் விடும்போது வண்டி முழுதும் நடுங்கினால் மவுண்ட் ரப்பர், அடுத்து பிளேட்டில் ஆயில், அடுத்து ஃபிளைவீலில் நீலம் பாய்ந்த சூட்டுத் தழும்பு.

இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால்

பெட்டி இறங்கிய பிறகு கிளச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங் நான்கையும் சேர்த்து மாற்றுங்கள். நான்கில் ஒன்றை மிச்சம் பிடித்தால் அதே கூலியை மறுபடி கொடுக்க வேண்டிவரும். பிளேட்டில் ரிவெட் தலைக்கு மேல் 0.3 மில்லிமீட்டர்கூட லைனிங் மிச்சமில்லை என்றால் அது முடிந்துவிட்டது. ஃபிளைவீலில் விரிசல் இருந்தால் மாற்றிவிடுங்கள்; தழும்பு மட்டும் என்றால் லேத்தில் கடைந்து வாங்குங்கள், கடைசல் ஆழம் கையேட்டு வரம்புக்குள் இருக்கட்டும். எஞ்சின் பின் சீல், கியர்பெட்டி முன் சீல் இரண்டையும் அப்போதே போடுங்கள். பிளேட்டை நடுவில் நிறுத்த டம்மி ஷாஃப்ட் வேண்டும். கண் மதிப்பில் வைத்தால் பெட்டி உள்ளே போகாது, போல்ட்டை முறுக்கி இழுத்தால் பிளேட் நடுப்பகுதி வளையும். ஸ்ப்ளைனில் (பிளேட் உட்காரும் ஷாஃப்டின் பல்வரி) கிரீஸ் மெல்லிசாகத் தடவித் துடைத்துவிடுங்கள், கூடினால் சுற்றும்போது தெறித்துப் பிளேட்டில் படும்.

சிங்க்ரோ பார்க்கும்போது ரிங்கைக் கியரின் கோனில் கையால் அழுத்தி, ரிங்குக்கும் கியர் பல்லுக்கும் நடுவே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விடுங்கள். பெரும்பாலான பெட்டிகளில் அரை மில்லிமீட்டருக்குக் கீழே வந்துவிட்டால் ரிங் உதவாது. உள்பக்கத்து மெல்லிய வரிகள் மழுங்கி வழவழப்பாக இருந்தாலும் அப்படித்தான். இரண்டாவதும் மூன்றாவதும் சேர்த்தே மாற்றுங்கள், ஸ்லீவ் பல் முனையும் கீயும் தேய்ந்திருந்தால் அவையும்.

மாட்டி முடித்ததும் காலி வண்டியில் முதல் 200 கிலோமீட்டர், புதுப் பிளேட் படியும் வரை, ஏற்றத்தில் பாதிக் கிளச்சில் நிறுத்தாமல் ஓட்டுங்கள். பிறகு சமதரையில் நிறுத்தி பெல் ஹவுசிங், மவுண்ட், புரொபெல்லர் ஷாஃப்ட் போல்ட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பார்த்து, பக்கப் பிளக்கைத் திறந்து ஆயில் துளை மட்டத்தில் நிற்கிறதா என்று சுண்டுவிரல் விட்டுப் பார்த்த பிறகு லோடு ஏற்றுங்கள்.